தட்டுக்கழி இருந்த இடம்



நாட்டியம் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். ஆடியவர்களின் பெருமையைச் சொல்ல நல்ல நூல்கள் இருக்கின்றன, படங்கள் இருக்கின்றன. அவர்களை ஆட வைத்தவர்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். எங்கள் தஞ்சைப் பகுதியில் அவர்களை நட்டுவனார் என்போம். பிள்ளைகள் நாங்கள் கூப்பிட்டது வெறுமனே 'வாத்தியார்' என்றுதான்.

என் வாத்தியாரிடமிருந்தே தொடங்குகிறேன். காலை ஐந்தரை மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில் நாங்கள் நிற்க வேண்டும். சுவரோரம் ஒரு பாய், பாய்க்கு முன்னால் ஒரு பலகை, கையில் தட்டுக்கழி. ஒரு முழ நீளம்கூட இருக்காது. பிடித்துப் பிடித்து ஒரு முனை வழவழத்துக் கறுத்துப்போயிருந்தது. பலகையின் நடுவில், கழி விழுந்து விழுந்து ஒரு குழி. அவர் பிடித்த கழியும் அந்தப் பலகையும் அவருடைய தகப்பனார் வைத்திருந்தவை. ஆக, அந்தக் குழி இரண்டு தலைமுறை தோண்டியது.

ஓர் ஆண்டு முழுக்க அடவுதான். தட்டடவு, நாட்டடவு, குதித்து மெட்டு, தீர்மான அடவு. அரைமண்டியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் மூன்று காலத்திலும் தட்ட வேண்டும். அவர் எழுந்து ஆடிக் காட்டியதே இல்லை. பாயை விட்டு அசைய மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கழியைத் தட்டுவார். நாங்கள் எட்டுப் பேர் தட்டும்போது, "மூணாவதா நிக்கிற புள்ள, இடது குதிகால் தரையில படல" என்பார். கண் திறந்திருக்காது. எட்டு ஜோடிக் காலில் எந்தக் காலின் குதி தரையில் விழவில்லை என்பதை அவர் காது சொல்லும். இருபது வருடம் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் அந்தக் காதின் அருமை எனக்குப் புரிந்தது. இன்றும் எனக்கு நாலு பேருக்கு மேல் பிரித்துக் கேட்க முடிவதில்லை.

நம் மரபு இந்த ஆசிரியனை மறந்த மரபு இல்லை. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடுகிறாள். 1008 கழஞ்சு பொன்னும் தலைக்கோல் பட்டமும் பெறுகிறாள். நாம் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். ஆனால் அவள் அரங்கில் ஏறுவதற்கு முன்பு இளங்கோவடிகள் நம்மை நிறுத்தி வைக்கிறார். ஆடலாசிரியன் எப்படிப்பட்டவன், அவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் சொல்கிறார். பிறகு இசையாசிரியன், பிறகு பாட்டு எழுதிக் கொடுக்கும் புலவன், மத்தளம் வாசிப்பவன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். அத்தனை பேரையும் அறிமுகம் செய்துவைத்த பிறகே மாதவியின் வலக்கால் அரங்கில் படுகிறது. ஒரு பெண் ஆட வேண்டுமானால் அவளுக்குப் பின்னால் இத்தனை கல்வி நிற்க வேண்டும் என்பது அந்தக் கவிக்குத் தெரிந்திருந்தது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டும் அப்படித்தான். ராஜராஜன் அங்கே குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு. அதே கல்வெட்டில் நட்டுவம் செய்தவர்களுக்கும் பங்கு எழுதியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஓர் அரசு, ஆடியவர் பெயரையும் ஆட்டுவித்தவர் பங்கையும் ஒரே சுவரில் எழுதி வைத்தது.

இன்று நாம் மேடையில் பார்க்கும் வரிசை எங்கிருந்து வந்தது? அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா. இந்த வரிசைக்கு உருவம் கொடுத்தவர்கள் நால்வர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. நால்வரும் உடன்பிறந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சையில் வாழ்ந்த நட்டுவனார்கள். முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை கற்றவர்கள். சின்னையா மைசூர் அரசவைக்குப் போனார். வடிவேலு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் அவையில் இருந்தார். அந்த மன்னர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசாகத் தந்தார். இன்று உலகின் எந்த மூலையில் ஒரு குழந்தை அலாரிப்பில் முதல் கண்ணசைவைச் செய்தாலும், இந்த நால்வர் போட்ட வழியில்தான் நடக்கிறது. நால்வரும் நட்டுவனார்கள் என்பதைப் பிள்ளைகள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இனி, மேடையில் நட்டுவனார் எங்கே இருந்தார் என்று பார்ப்போம்.

சின்ன மேளம் என்று சொல்லப்பட்ட அந்தக் காலத்து நாட்டிய நிகழ்ச்சியான சதிர்க் கச்சேரியில் அவர் ஆடுபவளுக்குப் பின்னால் நின்றார். கையில் தாளம். ஒன்று இரும்பு, மற்றது வெண்கலம். பக்கத்தில் பாடுகிறவர், மத்தளம் வாசிப்பவர். அவள் முன்னால் நகர்ந்தால் மேளமும் முன்னால் நகரும். அவள் பின்வாங்கினால் இவர்களும் பின்வாங்குவார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் அவளுடைய தாளம் மூச்சு விடும் தூரத்தில் இருந்தது.

1930களில் நாட்டியம் நகரத்து சபா மேடைக்கு வந்தபோது அவர் மேடையின் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்தார். பார்வையாளர்களுக்கு இடப்பக்கம், ஆடுபவரின் வலக்கைப் பக்கம். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆடுபவரின் உருவம் முழுதாகத் தெரிந்தது. நட்டுவனார் முகத்தை ஆடுபவரும், ஆடுபவரின் காலை நட்டுவனாரும் நேராகப் பார்க்க முடிந்தது.

அந்தப் பத்தாண்டுகளை ஒரு கிராமத்துப் பெரியவர் தோளில் சுமந்தார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நால்வர் வழி வந்தவர். கும்பகோணத்துக்கு அருகில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் அவரிடம் பயின்ற ராஜலட்சுமி, ஜீவரத்தினம் என்ற சகோதரிகள் 1931இல் மியூசிக் அகாடமி ஆதரவில் ஆடினார்கள். அவர்கள் கல்யாணி அம்மாளின் மகள்கள். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் போன்றவர்கள் இந்தக் கலை அழியக் கூடாது என்று வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. 1933இல் அந்தச் சகோதரிகள் மீண்டும் ஆடியபோது ருக்மிணி தேவி பார்த்தார். பார்த்தவர் அதே ஆசிரியரிடம் கற்றுக்கொண்டு, 1935இல் அடையாற்றில் ஆடினார். 1936இல் அவருடைய நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது. ராம் கோபால், மிருணாளினி சாராபாய், சாந்தா ராவ் என்று எங்கிருந்தெல்லாமோ மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்தார்கள். உலக மேடைகளில் இவர்கள் ஆடிய அடவுகளுக்கு வேர் பந்தநல்லூரில் இருந்தது.

ஆசிரியருக்கு ஆசிரியர் பார்வை மாறும். மாயவரத்துப் பக்கம் வழுவூரிலிருந்து வந்த ராமையா பிள்ளையின் கண்ணுக்குச் சிற்பம் போன்ற நிலைகள் பிடித்தன. அவர் பயிற்றுவித்த குமாரி கமலா 'நாம் இருவர்' படத்தில் ஆடியதைப் பார்த்துத் தமிழ்நாட்டு வீடுகளில் எத்தனை பெண் குழந்தைகள் கண்ணாடி முன் நின்றார்கள்! பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி என்று இன்று சொல்கிறோம். இந்தப் பாணிகளுக்கு ஆடியவர் பெயரால் பெயர் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நட்டுவனாரின் ஊர்ப் பெயர்தான் நிலைத்தது.

பாலசரஸ்வதி அம்மாளைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறையாது. 1918இல் பிறந்தவர், வீணை தனம்மாளின் பேத்தி, ஜயம்மாளின் மகள். ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதியில் அரங்கேறினார். அவருக்கு வாத்தியார் கந்தப்பா பிள்ளை, அவரும் நால்வர் வழி. 1941இல் கந்தப்பா மறைந்தபோது பாலாவுக்கு வயது இருபத்துமூன்று. பின்னாளில் கந்தப்பாவின் மகன் கணேசன் அவருக்கு நட்டுவாங்கம் செய்தார். தகப்பன் தட்டிய தாளத்தை மகன் தட்ட, அதே கால் பதில் சொல்லிற்று. 1973இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைத்தது. அதுவரை நாட்டியக் கலைஞர் எவருக்கும் அது கிடைத்ததில்லை. 1975இல் தமிழிசைச் சங்கத்தில் அவர் பேசியபோது, அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசையை ஒரு கோயிலுக்குள் போவதற்கு ஒப்பிட்டார். கோபுரத்தில் தொடங்கி மண்டபங்களைக் கடந்து கருவறைக்குப் போவது போல் என்றார். வரிசையை மாற்றாதீர்கள், அதில் ஒரு நடை இருக்கிறது என்பதே அவர் சொல்ல வந்தது. கந்தப்பாவிடம் கற்ற பெண்ணால்தான் அப்படிப் பேச முடியும்.

கழி பிடிக்காத ஆசிரியர்களும் இருந்தார்கள். கபாலீசுவரர் கோயிலில் ஆடிய மயிலாப்பூர் கௌரி அம்மாள் அபிநயத்தின் ஊற்றாக இருந்தார். ருக்மிணி தேவி அவரிடம் கற்றார். பாலசரஸ்வதி அவர் ஆடியதைப் பார்த்து வளர்ந்து, அவரிடமும் கற்றார். சிறுமியாக அவரிடம் கற்ற கலாநிதி நாராயணன், பல பத்தாண்டுகள் வீட்டுக்குள் இருந்துவிட்டு, 1973இல் மீண்டும் வெளியே வந்தார். தரையில் உட்கார்ந்தபடியே ஒரு பதத்தின் ஒரு வரிக்குப் பத்து விதமாக முகத்தில் பொருள் காட்டி, ஒரு தலைமுறைக்கே அபிநயம் சொல்லிக்கொடுத்தார். குழந்தையாகக் காதில் வாங்கியது முப்பது வருடம் கழித்தும் உடம்பில் அப்படியே இருந்தது. நல்ல ஆசிரியர் கொடுத்தது அவ்வளவு எளிதில் போகாது.

இங்கே ஒரு வலியைச் சொல்லியாக வேண்டும். இசை வேளாளர் வீட்டுப் பெண்கள் ஆடினார்கள், அந்த வீட்டு ஆண்கள் நட்டுவம் செய்தார்கள். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947இல் சட்டம் தடுத்தது. அந்த வழக்கத்தில் பெண்கள் பட்ட துன்பத்தை அறிந்தவர்கள் அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கொடுமையை நீக்குகிறபோது அந்தப் பெண்களின் கல்வியையும் சேர்த்து நாம் வெளியே தள்ளிவிட்டோம். பெரிய வீட்டுப் பெண்கள் ஆட வந்தார்கள், வரவேற்றோம். ஆடிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் என்ன ஆனார்கள் என்று கேட்கவில்லை. விராலிமலை முருகன் கோயிலில் சதிர் ஆடிய 32 பெண்களில் ஒருவரான முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ வந்தது 2022இல். தகப்பனாரிடமே கற்றவர் அவர். எண்பது வயதைத் தாண்டியும் பாடிக்கொண்டே அபிநயம் பிடிக்கும் அந்த அம்மாளின் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? முப்பத்திரண்டு பேரில் ஒருவரைத்தான் நாம் எட்டிப் பிடித்தோம்.

இன்னொரு மாற்றம் மகிழ்ச்சி தருவது. ஆண்கள் மட்டுமே பிடித்த தாளத்தைப் பெண்கள் பிடித்தார்கள். ராமையா பிள்ளையின் மாணவி கே.ஜே. சரசா அப்படி முதலில் உட்கார்ந்த பெண்களில் ஒருவர். அவர்கள் உட்கார்ந்ததால்தான் பிற்பாடு என்னைப் போன்றவர்களுக்கும் அந்தப் பாயில் இடம் கிடைத்தது.

பின்னால் நின்ற நட்டுவனார், பிறகு ஓரத்தில் உட்கார்ந்தார் என்றேன். இப்போது பல மேடைகளில் அந்த ஓரமும் காலி. ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு ஆடுகிறார்கள். கலைஞர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லாத குடும்பங்களின் சிரமம் எனக்குத் தெரியும். ஏழைப் பிள்ளை ஒலிப்பதிவுக்கு ஆடுவதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன். ஆனால் எதை இழக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

என் அரங்கேற்றத்தில் வர்ணம் நாற்பது நிமிடத்தைத் தாண்டிவிட்டது. கடைசிப் பகுதியில் தட்டுமெட்டு. அதன் முடிவில் 'ததிங்கிணதொம்' மூன்று முறை வந்து, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் விழ வேண்டும். ஆதி தாளத்தில் ஒரு வட்டத்துக்கு 32 மாத்திரை. ததிங்கிணதொம் ஒன்றுக்கு ஐந்து, மூன்றுக்குப் பதினைந்து. ஆகவே 18ஆவது மாத்திரையில் எடுத்தால் இடைவெளியே இல்லாமல் ஓடிப்போய்ச் சமத்தில் இறங்கும். பயிற்சியில் எப்போதும் அப்படித்தான். அன்று எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அரைமண்டி ஏறிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்கூடச் சரியாகத் தெரியவில்லை. வாத்தியாருக்குத் தெரிந்தது. அவர் 14ஆவது மாத்திரையிலேயே எடுத்துவிட்டார். ஒரு ததிங்கிணதொம், இரண்டு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி. இன்னொன்று, மறுபடி இரண்டு மாத்திரை கார்வை. மூன்றாவது, சமம். கணக்கு ஒரு மயிரிழை பிசகவில்லை. அந்த இரண்டு கார்வையிலும் நான் மூச்சு இழுத்துக்கொண்டேன். அவர் குரல் மாறிய அந்த நொடியில் என் கால் யோசிக்காமல் அவரோடு போயிற்று. அத்தனை வருடம் அந்தக் குரலுக்குத் தட்டிய கால் அது. சபையில் கைதட்டினார்கள். தீர்மானம் அழகாக இருந்தது என்று நினைத்திருப்பார்கள். ஒரு கிழவர் ஒரு குழந்தைக்கு மூச்சு விட நாலு மாத்திரை வாங்கிக் கொடுத்தது அவர்களுக்குத் தெரியாது.

ஒலிப்பதிவு 18ஆவது மாத்திரையிலேயே எடுக்கும். அதற்கு நம் மூச்சு கேட்காது.

அந்த நிகழ்ச்சியின் அழைப்பிதழையும் சொல்ல வேண்டும். என் பெயர் பெரிய எழுத்தில். தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், சிறப்பு விருந்தினர் எல்லோர் பெயரும் இருந்தன. வாத்தியார் பெயர் இல்லை. அச்சடித்தவர்கள் யார் என்பது இப்போது வேண்டாம், மறதியாகவும் இருக்கலாம். அவர் அதைக் கையில் வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சலங்கையைச் சரியாக் கட்டு" என்றார். அவ்வளவுதான். எனக்கு அப்போது பதினான்கு வயது. கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. அந்தக் கடனைத்தான் இன்று இந்த மேடையில் கொஞ்சம் தீர்த்துக்கொள்கிறேன்.

ஓர் ஆசிரியர் ஒரு மனித உயிருக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் காலத்துச் சாட்சி ஒன்று இருக்கிறது. தஞ்சை கிட்டப்பா பிள்ளை, நால்வர் குடும்பத்தின் வாரிசு, அவர்களுடைய உருப்படிகளை அச்சில் கொண்டுவந்தவர். வைஜயந்திமாலா போன்ற புகழ்பெற்றவர்களுக்குக் கற்பித்தவர். அவர் வீட்டுக்கு மதுரையிலிருந்து ஒரு திருநங்கை வந்தார். சொந்தக் குடும்பமும் ஊரும் ஒதுக்கிய பிள்ளை. எடுத்த எடுப்பில் அவர் சேர்த்துக்கொண்டுவிடவில்லை, காத்திருக்க வைத்தார். அந்தப் பிள்ளையின் தாகம் உண்மை என்று தெரிந்ததும் கூடவே வைத்துக்கொண்டார். ஏறத்தாழ 15 ஆண்டுகள், 1999இல் அவர் மறையும்வரை அந்தக் கல்வி நடந்தது. 'நர்த்தகி' என்ற பெயரையும் அவரே சூட்டினார். 2019இல் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ பெற்றார், அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர். நால்வர் மரபை யார் கையில் கொடுக்கலாம் என்று கிட்டப்பா பிள்ளை குலமும் பிறப்பும் பார்க்கவில்லை. யாருடைய கால் உண்மையாகத் தட்டுகிறது என்று கேட்டார். அந்தக் காதுதான் நட்டுவனாரின் காது.

நிறைவாக மூன்று வேண்டுகோள்.

சபா நடத்துபவர்களுக்கு ஒன்று. அழைப்பிதழில் ஆடுபவர் பெயருக்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில், கற்பித்தவர் பெயரைப் போடுங்கள். நட்டுவாங்கம் செய்பவர், பாடுபவர், மிருதங்கம் வாசிப்பவர் பெயர்களையும் போடுங்கள். மை கொஞ்சம்தான் கூடுதலாகச் செலவாகும்.

பெற்றோர்களுக்கு ஒன்று. அரங்கேற்றத்துக்குப் பட்டுப்புடவையும் நகையும் விருந்தும் தாராளமாகச் செய்கிறீர்கள். வருடக் கணக்கில் அடவு சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு மாதச் சம்பளம் கொடுக்கும்போது மட்டும் கை சுருங்க வேண்டாம். "எப்போது அரங்கேற்றம்?" என்று நச்சரிக்கவும் வேண்டாம். மாதவிக்கே ஏழு வருடம் ஆயிற்று.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு. நாளைக் காலை வகுப்புக்குப் போனதும் உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். இந்த ஜதியை நீங்கள் யாரிடம் கற்றீர்கள்? அவர் யாரிடம் கற்றார்? அவருக்கு முன்னால் யார்? அந்தப் பெயர்களைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊரையாவது எழுதுங்கள்.

என் வாத்தியாரின் பலகையும் கழியும் இப்போது என்னிடம் இருக்கின்றன. பலகையின் குழி இன்னும் கொஞ்சம் ஆழமாகியிருக்கிறது. நாளை காலை ஐந்தரைக்கு ஆறு பிள்ளைகள் வருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஆறு ஜோடிக் காலையும் தனித்தனியாகக் கேட்க நான் மறுபடியும் முயல்வேன்.